நகம் நீங்கலாக

பெட்டிக்கு மூன்று விநாடி போதும். கருவாட்டு வாசத்துக்கு எலி உள்ளே வரும். கண்ணாடித் தரையில் நிற்கும். தரைக்கு அடியில் இருக்கும் கேமரா அதன் பின்பாதத்தைக் குதிகாலிலிருந்து நுனிவரை அளக்கும். இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் மறுபக்கக் கதவு திறந்துகொள்ளும், எலி தன் பாட்டுக்குப் போகலாம். இருபத்தைந்தோ அதற்கு மேலோ என்றால் திறக்காது. ஒரு மின்னதிர்ச்சி, அவ்வளவுதான்; செத்த எலி கீழ்த்தட்டில் விழும். எடுத்த படத்தை அழித்துவிட்டு அளவை மட்டும் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். நாகமட்டம் மலையில் இப்படி நான்காயிரம் பெட்டிகள் இருந்தன. அந்த இருபத்தைந்து என்ற எண்ணைக் கொடுத்தவள் அமலோற்பவம்.

அமலி என்றால்தான் மலையில் தெரியும். அந்த மலைத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தாள். மகள் எலிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். "ஊரு உலகத்துல எலிய வெரட்டுவாங்க, எங்க வீட்டுல அதைப் படிக்கவச்சோம்" என்று அவள் அப்பா சாகிறவரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்புக்கும் ஒரு காலம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு மலையில் புதிதாக ஒரு காய்ச்சல் இறங்கியது. கண் சிவக்கும், ஐந்தாம் நாள் மூச்சு முட்டும், பத்தில் மூன்று பேர் போய்விடுவார்கள். லைன் வீடுகளின் கூரையில் குடியிருந்த எலிதான் அதைச் சுமந்து திரிந்தது. லைன் எலி என்றே அதற்குப் பெயர்.

விஷம் வைத்து ஒரே வாரத்தில் ஒழித்திருக்கலாம். ஆனால் மலை உச்சியின் புல்மேட்டில் இன்னொரு எலி இருந்தது. மேட்டெலி. உலகத்தில் அந்த ஒரு மேட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. பார்க்க இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான். அதனால் நீதிமன்றம் விஷத்தைத் தடுத்தது; உயிருள்ள மேட்டெலியை யாரும் கையால் தொடக்கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் பிரித்தறிந்து ஒன்றை மட்டும் கொல்லும் பெட்டிக்கு அனுமதி கொடுத்தது. மரபணுச் சோதனைக்கு இரண்டு நாள் ஆகும். பெட்டிக்கு இருப்பதோ மூன்று விநாடி. ஆக, உடம்பைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

மேட்டெலியின் வால் மேலே கறுப்பு, கீழே வெள்ளை. லைன் எலியின் வால் சுற்றிலும் ஒரே பழுப்பு. ஆனால் பாதி எலிகளுக்கு வால் அறுந்திருக்கும். மேட்டெலிக்கு முடி மூடிய உருண்டைக் காது. சண்டையில் அதுவும் கிழிந்திருக்கும். பெண்ணுக்கு முலைக்காம்பு மூன்று ஜோடி, லைன் எலிக்கு ஐந்து. ஆணுக்கு அந்தக் கணக்கு உதவாது. பின்பாதம் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் இருக்கும், சீக்கிரமே முழு அளவுக்கு வளர்ந்தும் விடும். லைன் எலிக்கு இருபத்தேழுக்குக் குறையாது என்பதை அமலி நூற்றுக்கணக்கில் அளந்து பார்த்திருந்தாள். மேட்டெலியைத் தொடத் தடை. நூறு வருஷத்துக்கு முன்பு அதை முதலில் விவரித்த வெள்ளைக்காரத் துரையின் குறிப்பில் இருபத்து நான்கு என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். கீழே தினமும் பிணம் விழுந்துகொண்டிருந்த நேரம். மூன்று வாரத்தில் எண் வேண்டும் என்று நெருக்கினார்கள். இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

டிசம்பர் மாதம் ஒரு காலையில் அமலி அவசரமாக மேல் டிவிஷனுக்கு ஏறினாள். மேல் டிவிஷன் என்பது புல்மேட்டை ஒட்டிய கடைசி லைன், இருபது வீடுகள். இந்த மூன்று வருஷத்தில் அங்கே ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. இப்போது பவுனுத்தாயின் மகள் மகிழினிக்கு வந்திருந்தது.

பவுனுத்தாயும் அமலியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் பத்தாவதோடு நின்று கொழுந்து பறிக்கப் போனாள். பெட்டிகள் வந்தபின் மேல் டிவிஷனின் நாற்பது பெட்டிகளைக் காலையில் காலிசெய்து, செத்த எலிகளைச் சுண்ணாம்புக் குழியில் கொட்டும் வேலை கிடைத்தது. அமலி போனபோது கையுறை மாட்டிக்கொண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னிக்குமா வேலைக்கு வந்த?"

"வேற எங்க போக? வார்டுக்குள்ள ஒருத்தரையும் வுடல. அவ அப்பா வாசல்ல ஒக்காந்திருக்காரு. கண்ணாடி வழியா கை ஆட்டுனேன், அவளும் ஆட்டுனா." பவுனுத்தாய் நிமிர்ந்தாள். "மேல் டிவிஷனுக்குக் காய்ச்சல் வராதுன்னு நீதானடி சொன்ன?"

சொன்னது உண்மைதான். லைன் எலி மேலே ஏறினால் மேட்டெலி அதன் குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிடும். மேட்டெலியோ வீட்டுக்குள் கால் வைக்காது. "உங்களுக்கு அதுதான் காவல், பயப்படாதீங்க" என்று கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

"அப்ப அந்தக் காவலு எங்கடி போச்சு?"

அமலி பெட்டியின் கீழ்த்தட்டைப் பார்த்தாள். நான்கு எலிகள் கிடந்தன. இடுக்கியால் ஒன்றைப் புரட்டினாள். வாலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்ததும் வெள்ளை. அடுத்த இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தாள். பன்னிரண்டு எலிகளுக்கும் வெள்ளை.

"பவுனு, இதுங்களா விழுது?"

"ஒரு வருசமா இதுகதான். ஸ்கிரீன்ல லைன் எலின்னு வந்துச்சு, டிக் அடிச்சேன். இப்பக் கொஞ்ச நாளா வரத்து கொறைஞ்சு போச்சு."

"வால் வெள்ளையா இருக்கேன்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு. நீ வச்ச பெட்டியாச்சே. பத்தாவது ஃபெயிலானவ டாக்டரு கிட்ட வந்து, ஒம் பெட்டிக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லவா?"

அமலி பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். குதிகாலிலிருந்து நுனிவரை வைத்துப் பார்த்தாள். இருபத்தைந்தரை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது எலியை அளக்கும்போது கை நழுவி, வெர்னியரின் முனை நகத்தைத் தாண்டி விரல் சதையில் நின்றது. இருபத்து நான்கு.

எலிகளை அளப்பவர்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. சிலர் பின்பாதத்தை நகத்தோடு அளப்பார்கள், சிலர் நகத்தை விட்டுவிட்டு அளப்பார்கள். அந்தக் காலத்துத் துரைமார் பெரும்பாலும் நகத்தை விட்டுவிடுவார்கள். அமலியின் ஆய்வகத்தில் நகத்தோடு. ஒருவர் அளவை இன்னொருவர் எடுத்தாளும்போது எந்த வழக்கம் என்று முதலில் கேட்க வேண்டும். இதை அவளே மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பாள். அந்த மூன்று வார அவசரத்தில் கேட்க மறந்துபோனாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் அடியில் யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

"பவுனு, தப்பு என்னுது" என்றாள். மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி ஒரு வருஷமாக மேட்டெலியைக் கொன்றுகொண்டிருக்கிறது, மேடு காலியானதும் லைன் எலி மேலே ஏறிவிட்டது, காய்ச்சலும் கூடவே ஏறிவிட்டது.

பவுனுத்தாய் தட்டைக் குழியில் கொட்டிவிட்டு வந்தாள். "எவ்வளவு தப்பு?"

"ஒண்ணரை மில்லிமீட்டர்."

"அப்படின்னா?"

அமலி தன் சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினாள். பவுனுத்தாய் அதைப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றித் தன் நகத்தைப் பார்த்தாள்.

திட்ட இயக்குநர் பிரகதீஸ்வரன் கோயம்புத்தூரில் இருந்தார். சிக்னல் கிடைக்கும் வளைவுவரை ஓடி அவரை அழைத்தாள் அமலி.

"ஒரு எண்தானே சார்? இருபத்தாறரைன்னு இன்னைக்கே மாத்திடலாம்."

"அது கோர்ட் ஒத்துக்கிட்ட எண் அமலோற்பவம். அதை மாத்த கோர்ட் போட்ட கமிட்டி இனி பிப்ரவரியிலதான் கூடுது. நானா மாத்தினா எவனாவது கேஸ் போடுவான், நாலாயிரம் பெட்டியும் நிக்கும். கீழ போன மாசம் சாவு பாதியாக் குறைஞ்சிருக்கு. நீங்களே சொல்லுங்க, நிறுத்தட்டுமா?"

"மேல் டிவிஷன்ல மட்டுமாவது..."

"அங்கதான் புதுசாக் காய்ச்சல் வந்திருக்கு. அங்க பெட்டியை நிறுத்தினா ஜனங்க சும்மா இருப்பாங்களா?" அவர் கெட்டவர் இல்லை. குரலில் நிஜமான சங்கடம் இருந்தது. "நீங்க சொல்றதை நான் நம்பறேன். கமிட்டி நம்பாது. செத்த எலியோட உடம்பை அனுப்புங்க, அளந்து பாக்கட்டும்."

அவள் திரும்பி ஓடி வருவதற்குள் பன்னிரண்டும் சுண்ணாம்பில் வெந்திருந்தன. நாளைக்குக் கிடைக்கும் என்று நினைத்தாள். மறுநாள் தட்டுகளில் கிடந்தவை எல்லாம் லைன் எலிகள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

அமலி மேலே வந்த நான்காம் நாள் மகிழினி செத்துப்போனாள். பதினாலு வயது. உடலைக் கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்காரர்களே எரித்துவிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அமலி போய் வாசலில் நின்றாள். பவுனுத்தாய் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "வாங்க மேடம்" என்றாள். முப்பது வருஷ 'டி' அந்த ஒரு வார்த்தையில் செத்தது. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அமலிக்கு.

அதற்குப் பிறகு அமலி தடையைப் பற்றி யோசிக்கவில்லை. கையால் பின்னிய கூண்டுப் பொறிகளைப் புல்மேட்டின் கடைசிச் சரிவுவரை கொண்டுபோய் வைத்தாள். அங்கே மேட்டெலி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடைத்து வைக்கவும் முடியாது. கூண்டில் இரண்டு நாள் இருந்தால் இரை எடுக்காமல் செத்துவிடும் ஜாதி அது. பிடித்து, வாலைப் பார்த்து, எண்ணிவிட்டுத் திரும்ப விட்டாள். விட்டால், மேட்டிலிருந்து இறங்கும் நாளில் பெட்டிக்குள்தான் போகும். ஆதாரத்துக்காக ஒன்றைக் கொல்லலாம் என்று ஒருமுறை கழுத்தில் விரலை வைத்தாள். முடியவில்லை.

மகள் செத்த எட்டாம் நாள் பவுனுத்தாய் தானாகவே மேட்டுக்கு வந்தாள்.

"பெட்டி வாயில கல்ல வச்சு அடைச்சுட்டா?"

"லைன் எலி ஏறிடுச்சு பவுனு. பெட்டி நின்னா அது பெருகும். மேட்டெலியும் இருக்கணும், பெட்டியும் ஓடணும். அப்பத்தான் அதைக் கீழ தள்ள முடியும்."

பவுனுத்தாய் புல்லில் உட்கார்ந்தாள். "மேல் டிவிஷன்ல இன்னும் பதினோரு புள்ளைங்க இருக்கு மேடம்." பிறகு, பொறிக்குள் இருந்த எலியின் காலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நகத்தோட அளந்தா சாவு. நகமில்லாம அளந்தா உசுரு. நகத்த வெட்டிவுட்டுருவோமா?"

அமலி அவளை வெறித்துப் பார்த்தாள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை கேட்டிருக்கிறோம். எலியைப் பிடித்து நகம் வெட்டிய கதையை எங்கே கேட்க? ஆனால் கணக்கு சரியாக இருந்தது. பெட்டி பார்ப்பது பின்பாதத்தை மட்டும்.

"பின்னங்கால் போதும்" என்றாள் அமலி. "மண்ணைத் தோண்டறது முன்னங்கால்தான். அதைத் தொட வேண்டாம். நகம் வளர்ந்தா திரும்பப் பிடிச்சு வெட்டலாம், பிப்ரவரி வரைக்கும்தானே."

ஆறு நாளில் பத்தொன்பது மேட்டெலிகள் கிடைத்தன. அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. பவுனுத்தாய் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். அமலி நகவெட்டியால் ஒவ்வொரு விரலாக வெட்டுவாள். எலி கிறீச்சிடும். பவுனுத்தாய் "ஆச்சு சாமி, ஆச்சு, இன்னும் ரெண்டே ரெண்டு" என்று அதனிடம் சொல்வாள். பிள்ளைக்கு நகம் வெட்டிய வாய் அது. அமலி தலையைக் குனிந்தபடியே வெட்டினாள்.

பலித்தது. மறுவாரம் பெட்டிகளில் 'மேட்டெலி, விடு' என்று முப்பத்தொரு முறை பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இருபத்து நான்கு. அமலி அந்தத் திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கீழ்ச்சரிவில் கடிபட்ட லைன் எலிக்குட்டி ஒன்று கிடந்ததைப் பவுனுத்தாய் கொண்டுவந்து காட்டினாள். மகள் போனபிறகு அவள் முகத்தில் அன்றுதான் ஏதோ அசைந்தது.

பொங்கலுக்கு முந்திய வாரம் மேட்டில் மூன்று நாள் உறைபனி விழுந்தது. நான்காம் நாள் விடிந்து இருவரும் ஏறினார்கள். புல் முழுக்க உப்புத் தூவியதுபோல் இருந்தது. அதன்மேல் மேட்டெலிகள் கிடந்தன, சுருண்டு, கெட்டியாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சாண் ஆழத்துக்குக்கூடப் போகாத குழி. அமலி முழங்காலிட்டு ஒரு குழியைப் பார்த்தாள். உறைபனி வந்தால் மேட்டெலி ஆழமாகப் புது வளை தோண்டித்தான் பிழைக்கும். முன்னங்கால் தோண்டிய தடம் இருந்தது. தோண்டிய மண்ணைப் பின்னுக்கு உதைத்துத் தள்ள வேண்டியது பின்னங்கால். உறைந்த தரையைப் பற்றிக்கொள்ள அதற்கு நகம் வேண்டும். மண் வெளியே வராமல் குழிக்குள்ளேயே அடைத்துக் கிடந்தது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊரில், வளை தோண்டுவது எப்படி என்று தெரியாமல் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறாள்.

பதினான்கு உடல்கள் கிடைத்தன. மீதி ஐந்து பிறகு எந்தப் பெட்டியிலும் எந்தப் பொறியிலும் வரவில்லை.

அமலி உட்கார்ந்து அழுதாள். பவுனுத்தாய் அழவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

அவற்றில் மூன்றைப் பனிப்பெட்டியில் வைத்து இயக்குநருக்கு அனுப்பினாள் அமலி. கூடவே ஒரு கடிதம்: பின்பாத நகங்களை வெட்டியது நான், வெட்டாமல் இருந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் கூடும், என் எண் தவறு, அதனால் இந்த இனமும், ஒரு பெண்பிள்ளையின் உயிரும் போய்விட்டன. பேரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தில்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிப்ரவரி கடைசியில் பிரகதீஸ்வரன் அழைத்தார். குரலில் உற்சாகம் இருந்தது.

"கமிட்டி அளந்து பார்த்தாச்சு. நகத்தோட இருபத்து நாலு. நகமில்லாமயும் கிட்டத்தட்ட அதேதான். உங்க எண் சரின்னு எழுதிட்டாங்க. பெட்டியில பிழையே இல்லை."

"சார், நகத்தை வெட்டினது நான். லெட்டர்ல எழுதியிருந்தேனே!"

"அதைக் கிழிச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பாதுகாக்கப்பட்ட மிருகத்தைப் பிடிச்சு நகம் வெட்டினேன்னு எழுத்துல குடுத்தா ஏழு வருஷம் உள்ள போவீங்க. கூட அந்த அம்மாவும். ஏற்கெனவே புள்ளையைப் பறிகுடுத்தவங்க. உங்களுக்காகத்தான் கிழிச்சேன்."

"நான் கோர்ட்டுக்கே போய்ச் சொல்றேன்."

"என்னத்தைக் காட்டுவீங்க?"

காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பெட்டி படங்களை வைத்துக்கொள்வதில்லை; அதில் இருக்கும் வெறும் அளவு எந்த எலியுடையது என்று சொல்லாது. கொன்றவை சுண்ணாம்பில் கரைந்துவிட்டன. நகத்தோடு ஒரு மேட்டெலி இனி எங்கே கிடைக்கும்? தப்பைச் சரிசெய்யப் போய், தப்புக்கு இருந்த ஒரே சாட்சியையும் அவளே வெட்டிப் போட்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அறிக்கையின் பிரதி வந்தது. அன்று காலை பவுனுத்தாய் பெட்டிக் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"ரிப்போர்ட்டு வந்திருச்சாமே. படிங்க மேடம்."

"உனக்கு எதுக்கு பவுனு அது?"

"நானுந்தான புடிச்சேன். படிங்க."

அமலி படித்தாள். "மேட்டெலியின் உடல் அடையாளங்கள். வால் உடலைவிடக் குட்டை. மேலே கறுப்பு, கீழே வெள்ளை. காது உருண்டை, முடி மூடியது. பின்பாதம் நகத்தோடு இருபத்து நான்கு மில்லிமீட்டர்." தாளைத் திருப்பினாள். "பின்பாத நகங்கள் மிகக் குட்டை, நுனி மழுங்கியவை. இந்த இனத்தை அடையாளம் காண இதுவே எளிய வழி."

பவுனுத்தாய் அறிக்கையை எட்டிப் பார்த்தாள். "அது நாம வெட்டுனது."

"ஆமா."

"அப்ப உங்க தப்பு?"

"அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல. தப்பே நடக்கலைன்னு போட்டிருக்காங்க."

"மகி?"

அமலிக்குத் தெரியும். இருந்தாலும் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள்.

"அவளைப் பத்தியும் ஒண்ணும் இல்ல."

பவுனுத்தாய் கையுறைகளை மாட்டிக்கொண்டு பெட்டிகளை நோக்கி நடந்தாள். அமலியும் பின்னால் போனாள். வேறு எங்கே போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் மூன்று பெட்டிகளில் பதினாறு எலிகள் கிடந்தன. அமலி ஒவ்வொன்றாகப் புரட்டி வாலைப் பார்த்தாள். பதினாறும் ஒரே பழுப்பு. திரையில் பதினாறு முறையும் 'லைன் எலி' என்றே இருந்தது. பவுனுத்தாய் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வந்தாள். பெட்டி ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. இனிமேல் அது தப்பாகச் சொல்ல வழியே இல்லை.